பிளாஸ்டிக் மாடல் கிட்: பிரைமர், அக்ரிலிக், பிரஷ் பற்றி சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ், அதற்கான கம்ப்ரஸர் எதுவும் இல்லாமல், சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இரண்டு பிரஷும் நான்கு பெயிண்ட் பாட்டிலும் வைத்துக்கொண்டு விமானமோ டாங்கியோ கப்பலோ செய்பவர்களுக்காக இந்தப் பக்கம். கிட்டோடு வரும் குறிப்புகளும் வெளிநாட்டு வழிகாட்டிகளும் பெரும்பாலும் மிதமான வெயிலும் வறண்ட காற்றும் உள்ள ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மே மாத வேளச்சேரியிலும் நவம்பர் மாதப் பெரம்பூரிலும் அதே பெயிண்ட் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அந்த வித்தியாசத்தைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பிரஷ்ஷால் அடித்தால் ஏர்பிரஷ் அளவுக்கு வருமா?

ஒரு நிறம் இன்னொன்றில் புகைபோலக் கலக்கும் மென்மையான விளிம்பு மட்டும் பிரஷ்ஷுக்குக் கடினம். மற்றபடி ஒரே நிறப் பரப்பு, கூர்மையான எல்லை கொண்ட கேமஃப்ளாஜ், விமானி அறையின் உள்வேலை, உருவ பொம்மைகள் அனைத்தும் பிரஷ்ஷில் மிக நன்றாக வரும். பிரஷ்ஷை ஏழையின் ஏர்பிரஷ் என்று நினைக்காதீர்கள். அது தனிக் கருவி, அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தில் பெரும்பங்கு, காய விடுவதுதான்.

பிரைமர் கட்டாயமா? நேரடியாக பெயிண்ட் அடித்தால் என்ன?

பிரைமர் என்பது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. அக்ரிலிக் பெயிண்டுக்கு அது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிட்டின் பாகங்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். வழவழப்பானது, தண்ணீரை உறிஞ்சாது. லேக்கர் வகைப் பெயிண்டில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சற்றே இளக்கிப் பிடித்துக்கொள்ளும். நீர்வழி அக்ரிலிக்குக்கு அந்தச் சக்தி இல்லை. நீர் ஆவியானதும் மேலே ஒரு மெல்லிய ஏடாகப் படிந்து கிடக்கும், அவ்வளவுதான். நகம் பட்டால் கீறும், பெயிண்ட் படக் கூடாத இடத்தை மறைக்க ஒட்டும் மாஸ்கிங் டேப்பை எடுத்தால் கூடவே வரும்.

பிரைமர் செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. ஒட்டிய இடத்தின் மடிப்பு, பட்டி சரியாக நிரம்பாத பள்ளம், வாட்டர் பேப்பர் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) விட்ட கீறல் எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறத்தில் காட்டிக்கொடுக்கும். பிளாஸ்டிக் ஒரு நிறம், பட்டி ஒரு நிறம் என்று இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாதது அப்போதுதான் தெரியும்.

அதற்கு முன் கழுவ வேண்டுமா?

வேண்டும். அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வர ஆலையில் பூசும் வழுக்குப் பொருள் பிளாஸ்டிக்கில் தங்கியிருக்கலாம். அதைவிட, நம் கை எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு இறக்கையைப் பிடித்தால், அந்த விரல் பட்ட இடத்தில் பெயிண்ட் சுருண்டு ஒதுங்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றில் உலரவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்தால் கடைசி அலசலை மட்டும் கேன் தண்ணீரில் செய்யுங்கள். உப்பு நீர் காய்ந்த வெள்ளைப் புள்ளிகள் பிரைமருக்கு அடியிலும் மேடாகத் தெரியும்.

ஒட்டி முடித்தபின் கழுவுவதானால் உள்ளே நீர் தேங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த பிரைமர் வாங்குவது?

இரண்டு குடும்பங்கள் உள்ளன. முதலாவது லேக்கர்: ஜப்பானின் மிஸ்டர் சர்ஃபேசர், டாமியாவின் ஃபைன் சர்ஃபேஸ் பிரைமர் போன்றவை. பிடிப்பு அபாரம், சீக்கிரம் உலரும், மறுநாளே வாட்டர் பேப்பர் போடலாம். மிஸ்டர் சர்ஃபேசரில் 500, 1000, 1200, 1500 என்ற எண்கள் இருக்கும். எண் கூடக் கூட மென்மை கூடும். 500 கிட்டத்தட்ட திரவப் பட்டி. பெயிண்டுக்கு அடியில் போட 1000 முதல் 1500 வரை. குறை என்னவென்றால் வாடையும் தீப்பற்றும் தன்மையும்.

இரண்டாவது நீர்வழி பிரைமர்: வயெஹோவின் சர்ஃபேஸ் பிரைமர் போன்ற அக்ரிலிக்-பாலியூரிதேன் வகை. வாடை குறைவு, மூடிய வீட்டுக்கு உகந்தது, பிரஷ்ஷாலேயே அடிக்கலாம், தானாகச் சமப்படும். ஆனால் இது தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும்போது உள்ளே உலர்ந்திருக்காது. குறைந்தது ஒரு முழு நாள், மழைக்காலத்தில் இரண்டு நாள் விடுங்கள். அவசரப்பட்டு வாட்டர் பேப்பர் போட்டால் தூளாக வராமல் ரப்பர் மாதிரி உரிந்து வரும்.

குழந்தைகள் இருக்கும் ஃபிளாட் என்றால் நீர்வழி. காற்றோட்டமான பால்கனியோ மொட்டை மாடியோ இருந்தால் லேக்கர் ஸ்பிரே. பிடிப்பில் லேக்கருக்கு நிகர் இல்லை என்பது என் கருத்து.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஸ்பிரே கேன்கள் தீப்பற்றும் பொருளாகக் கருதப்படுவதால் சாதாரண விமான அஞ்சலில் வராது. உள்நாட்டில் இருப்பு வைத்திருக்கும் கடையைத்தான் தேட வேண்டும். பாட்டிலில் வரும் நீர்வழி பிரைமருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கார் உதிரிபாகக் கடையில் விற்கும் சாம்பல் பிரைமர் ஸ்பிரே மலிவாக இருக்கிறதே?

உலோகத்துக்காகச் செய்தது அது. சில கேன்கள் பாலிஸ்டைரீனை ஒன்றும் செய்யாது. சில, மேற்பரப்பில் நுண்விரிசல் விழும்படி அரித்துவிடும். பாகங்களைப் பிணைத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தில், அதாவது ஸ்ப்ரூவில், அடித்துப் பார்த்து ஒரு நாள் கழித்து முடிவு செய்யுங்கள். அப்படியே ஒத்துக்கொண்டாலும் தடிமனாக விழும். டாங்கிக்குப் பரவாயில்லை. 1/72 அளவு விமானத்தின் பேனல் கோடுகள் அதில் மூழ்கிப்போகும்.

ஸ்பிரே கேன் அடிக்க எது நல்ல நேரம்?

சென்னையில் இதுதான் மிக முக்கியமான கேள்வி. விடியற்காலை குளுமையாக இருக்கிறது என்று பலர் அப்போது அடிக்கிறார்கள். ஆனால் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். லேக்கரில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது அந்தப் பரப்பு சட்டென்று குளிர்கிறது. குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் பனியாகப் படிந்து பெயிண்ட் ஏட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. வெள்ளையாகப் பூத்துப்போவது இதனால்தான். காலை பத்து மணிக்கு மேல், கடல் காற்று ஏறுவதற்கு முன், வெயில் நேரடியாகப் படாத நிழலில் அடியுங்கள். அடையாறு, திருவான்மியூர், சாந்தோம் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை விட்ட மறுமணி நேரத்தில் அடிக்காதீர்கள். இரண்டு நாள் வெயில் அடித்தபின் எடுங்கள். சாம்பல் பிரைமர் லேசாகப் பூத்தால் பெரிய இழப்பில்லை, மேலே நிறம் வரப்போகிறது. கடைசியில் அடிக்கும் வார்னிஷ் பூத்தால்தான் மொத்த உழைப்பும் பனிமூட்டத்துக்குள் போய்விடும்.

கத்திரி வெயிலில் நேர்மாறான சிக்கல். கேனிலிருந்து புறப்பட்ட துளிகள் பாகத்தை அடைவதற்குள் காற்றிலேயே காய்ந்து தூசியாக விழும், தொட்டால் மணல் போலிருக்கும். கேனில் 20 முதல் 30 செ.மீ. தொலைவு என்று போட்டிருந்தால் அந்த நாட்களில் 20-ஐ ஒட்டியே பிடியுங்கள். பாகத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, பாகத்தைக் கடந்த பிறகு விரலை எடுங்கள். ஒரே மூச்சில் மூடப் பார்க்காமல் மூன்று மெல்லிய கோட், அதாவது பூச்சு. கேனை முன்பே இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும்.

பால்கனியில் லேக்கர் அடிப்பது பாதுகாப்பானதா?

பெயிண்டர்கள் அணியும், ரசாயன ஆவியை வடிகட்டும் முகமூடி வேண்டும். கோவிட் காலத்துத் துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. அடுத்தது நெருப்பு. சமையலறை அடுப்பும் பூஜை அறை விளக்கும் ஊதுபத்தியும் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் கேனை எடுக்க வேண்டும். சிறிய ஃபிளாட்டில் பால்கனிக்கும் பூஜை அலமாரிக்கும் பத்தடிகூட இருக்காது. பக்கத்து வீட்டுத் துணி காய்கிறதா என்றும் பாருங்கள். ஏசி ஓடும் மூடிய அறைக்குள் ஸ்பிரே அடிக்கவே கூடாது.

பிரைமரை பிரஷ்ஷாலேயே அடிக்கலாமா?

நீர்வழி பிரைமரைத் தாராளமாக அடிக்கலாம். தண்ணீர் கலக்காமல், அகலப் பிரஷ்ஷால் மெல்லியதாக, மூலைகளில் தேங்கினால் உடனே ஈரமற்ற பிரஷ்ஷால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பாட்டிலில் வரும் மிஸ்டர் சர்ஃபேசரையும் அதன் லெவலிங் தின்னரில் கரைத்து பிரஷ்ஷால் அடிக்கலாம், ஆனால் ஒரே இழுப்புதான். திரும்ப அதே இடத்தில் இழுத்தால் கீழே இருப்பதும் இளகி வரும்.

பிரைமர் என்ன நிறத்தில்?

பெரும்பாலானவற்றுக்குச் சாம்பல். சிவப்பு, மஞ்சள், வெள்ளைக்கு வெள்ளை. உலோகப் பளபளப்புக்குக் கறுப்பு.

அக்ரிலிக் என்று போட்டிருப்பவை எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. பிரஷ் வேலையில் வரும் ஏமாற்றங்களில் பாதிக்கு மேல் இந்த வேறுபாடு தெரியாததால்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

வயெஹோ மாடல் கலர், சிட்டாடெல், ஆர்மி பெயின்ட்டர், ஏகே மூன்றாம் தலைமுறை ஆகியவை நீர்வழி வகை. தண்ணீரில் கரையும், உலர்ந்தபின் தண்ணீரில் கரையாது. எனவே சற்று நேரம் விட்டு அடுத்த கோட் அடித்தால் கீழே உள்ளது அசையாது. பிரஷ்ஷுக்கென்றே பிறந்தவை. வயெஹோவிலேயே மாடல் ஏர் என்று ஒன்று உண்டு. அது ஏர்பிரஷ்ஷுக்காக ஏற்கெனவே நீர்த்தது, பிரஷ்ஷில் அதிகக் கோட் கேட்கும். லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

டாமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசையும் மிஸ்டர் ஹாபி அக்வியஸும் வேறு குணம். இவற்றில் ஆல்கஹால் உள்ளது. வேகமாக ஆவியாகும், புதிதாக அடிக்கும் கோட் கீழே உள்ள கோட்டை மீண்டும் இளக்கும். இரண்டாவது இழுப்பில் முதல் கோட் உருண்டு திரண்டு அடியிலிருக்கும் பிரைமர் தெரிகிறதே, அது பெயிண்டின் குறையல்ல. அதைப் பிரஷ்ஷில் கையாள மூன்று நிபந்தனைகள் உண்டு: அதற்கான எக்ஸ்-20ஏ தின்னரில் கரைக்க வேண்டும், உலர்வதைத் தாமதப்படுத்தும் அக்ரிலிக் ரிட்டார்டர் ஒன்றிரண்டு சொட்டு சேர்க்க வேண்டும், கோட்டுக்குக் கோட் பல மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு விட வேண்டும். இவற்றைக் கடைப்பிடித்தால் டாமியாவும் அழகாக வரும். இந்த இரண்டில் அக்வியஸ் பிரஷ்ஷுக்குச் சற்று இணக்கமானது.

இரு வகைகளையும் ஒரே கிண்ணத்தில் கலக்கக் கூடாது. வயெஹோவை ஆல்கஹால் தின்னரில் கரைத்தால் பசையாகத் திரியும். ஒன்று நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் மற்றொன்றை அடிப்பதில் தடையில்லை.

ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும், துணிக்கும் கேன்வாஸுக்கும் உரிய அக்ரிலிக் போதாதா?

பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு, என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கம் போனால் இவை வரிசையாக அடுக்கியிருக்கும். விலையும் குறைவு. ஆனால் இவை கெட்டியான பதத்தில், தூரிகைத் தடம் தெரிவதே அழகு என்ற நோக்கில் செய்யப்பட்டவை. கிட்டுக்கு வேண்டியது அதற்கு நேரெதிர். மாடலைச் சுற்றி அமைக்கும் காட்சியின், அதாவது டியோரமாவின், மண், சுவர், மரத்தண்டு ஆகியவற்றுக்கு அருமையாக இருக்கும். விமானத்தின் இறக்கைக்கு வேண்டாம்.

பெயிண்டை எவ்வளவு கரைப்பது?

பால் பதம். ஆடை எடுத்த பாலைக் கிண்ணத்தின் ஓரத்தில் சாய்த்தால் ஒரு மெல்லிய படலம் விட்டு இறங்குமே, அப்படி. சொட்டுக் கணக்கு நிறத்துக்கு நிறம் மாறும். இரண்டு சொட்டுப் பெயிண்டுக்கு ஒரு சொட்டு நீர் என்று தொடங்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். அடியில் இருப்பது தெரிய வேண்டும், ஆனால் பெயிண்ட் குளமாகத் தேங்கவோ சிதறி ஒதுங்கவோ கூடாது.

கரைக்கும் நீர் குழாய் நீராக இருக்க வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீர் மலிவு, ஒரு பாட்டில் பல மாதம் வரும்.

எந்த பிரஷ்?

நல்ல செயற்கை இழை போதும். ஒரு தட்டைப் பிரஷ், முக்கால் முதல் ஒரு செ.மீ. அகலத்தில். உருண்டைப் பிரஷ்ஷில் எண் 2, எண் 1, எண் 0. நுண்வேலைக்கு 000 வாங்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அவ்வளவு சிறியதில் பெயிண்ட் விமானி பொம்மையின் கண்ணை எட்டுவதற்குள் காய்ந்துவிடும், நம் ஊர் வெப்பத்தில் இன்னும் வேகமாக. முனை கூராகக் கூடும் எண் 1, பெயிண்டையும் தாங்கும், விமானியின் கண்ணையும் வரையும். கடையில் வாங்கும்போது ஒரு கிண்ணம் நீர் கேட்டு முனையை நனைத்துப் பாருங்கள். ஒரே முனையாகக் கூடினால் எடுங்கள், இரண்டாகப் பிளந்தால் வைத்துவிடுங்கள்.

எவ்வளவு கவனமாக அடித்தாலும் பிரஷ் தடம் விழுகிறது. ஏன்?

இழுத்த இடத்தையே மீண்டும் தொடுவதால்தான். அக்ரிலிக் மேலிருந்து காயத் தொடங்கும். அரை நிமிடத்தில் மேலே ஒரு தோல் கட்டியிருக்கும், அடியில் ஈரம் இருக்கும். அந்த நேரத்தில் பிரஷ் மறுபடி போனால் தோலைக் கிழித்துக்கொண்டு போகும். அந்தக் கிழிசலின் இரண்டு கரைகளும்தான் நாம் பார்க்கும் தடம்.

ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். சென்னைக்காரர்கள் விரும்பிச் செய்யும் கப்பல் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திய ஜெர்மன் கப்பல். ரெவெல் நிறுவனத்தின் 1/350 கிட்டில் அது சுமார் 34 செ.மீ. நீளம். அமைதிக்காலத்தில் வெள்ளையும் மஞ்சள் கலந்த பழுப்புமாக இருந்தது, போரில் சாம்பல் ஆனது. மதராஸ் இரவை விரும்புகிறவர்கள் பிரிட்டிஷ் கப்பல்போலத் தோன்ற வைத்த போலி நான்காவது புகைபோக்கியையும் சேர்ப்பார்கள். 34 செ.மீ. நீளத்துக்கு ஒரே சாம்பல் என்பது பிரஷ்ஷுக்கு நல்ல சோதனை.

தட்டைப் பிரஷ்ஷை முதலில் நீரில் நனைத்துத் துடையுங்கள். இழையின் பாதி வரை மட்டும் பெயிண்ட் எடுங்கள். டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றுங்கள். முகப்பிலிருந்து பின்புறமாக நான்கைந்து செ.மீ. இழுத்து, அழுத்தம் குறைத்து, மெல்லத் தூக்குங்கள். அடுத்த இழுப்பு முந்தையதன் ஈர விளிம்பைத் தொட்டுத் தொடங்க வேண்டும். விட்டுப்போன இடம் தெரிந்தால் விட்டுவிடுங்கள், அது அடுத்த கோட்டின் வேலை. முதல் கோட் திட்டுத் திட்டாக, பார்க்கவே மனம் சோரும்படி இருக்கும். இருக்கட்டும். கோடையில் இருபது நிமிடம், மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது கோட், இம்முறை மேலிருந்து கீழாக. மூன்றாவது மீண்டும் நீளவாக்கில். மூன்றாவதில்தான் சாம்பல் ஒன்றுசேரும். ஒன்றுசேரும் அந்தக் கணம் ஏர்பிரஷ்காரர்களுக்குக் கிடைக்காத மகிழ்ச்சி.

மின்விசிறி இல்லாமல் எப்படி உட்காருவது?

உட்கார முடியாதுதான். ஆனால் சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே அடித்தால் பெயிண்ட் பேலட்டிலேயே காய்ந்துவிடும், தூசியும் ஈரத்தில் வந்து ஒட்டும். மேசையை ஃபேனுக்குக் கீழிருந்து நகர்த்துங்கள், அல்லது டேபிள் ஃபேனை முதுகுப் பக்கம் தரையில் வையுங்கள். பிரஷ் வேலைக்கு ஏசி அறை மிக நல்லது. ஈரமும் குறையும், வெப்பமும் குறையும். அடித்து முடித்த பாகத்தின்மேல் ஒரு பெரிய டப்பாவை, காற்றுப் போக ஓரத்தில் சிறு இடைவெளி விட்டுக் கவிழ்த்துவையுங்கள். ஊரப்பாக்கம், பெருங்குடி என்று எங்கே பார்த்தாலும் கட்டுமானத் தூசி உள்ள இந்த ஊரில் இது தவிர்க்க முடியாத பழக்கம்.

சிவப்பும் மஞ்சளும் எத்தனை கோட் அடித்தாலும் மூடவில்லையே?

அந்த நிறமிகளுக்கு மறைக்கும் திறன் குறைவு. 2024 அக்டோபரில் மெரினாவில் நடந்த விமானப்படைக் காட்சிக்குப் பிறகு சூரியகிரண் அணியின் சிவப்பு-வெள்ளை ஹாக் விமானத்தைச் செய்ய ஆசைப்பட்டவர்கள் நிறைய. சாம்பல் பிரைமர்மேல் நேரடியாகச் சிவப்பு அடித்தால் ஐந்து கோட்டிலும் மங்கலாகவே இருக்கும். வெள்ளை பிரைமர், அதன்மேல் இளஞ்சிவப்பு ஒரு கோட், பிறகு சிவப்பு இரண்டு மூன்று கோட். மஞ்சளுக்கு அடியிலும் இளஞ்சிவப்போ காவியோ நன்றாகத் தாங்கும். சாம்பல் பிரைமர்மேல் வெள்ளை அடிப்பதானால், வெளிர் சாம்பல் ஒரு கோட் போட்டுவிட்டுப் படிப்படியாக ஏறுங்கள். முதலிலேயே வெள்ளையைக் கெட்டியாக அடிப்பதுதான் சுண்ணாம்பு பூசிய தோற்றத்துக்குக் காரணம்.

வெட் பேலட் தேவையா?

நீர்வழி அக்ரிலிக்குக்கு, இந்த வெயிலில், ஆம். மூடியுள்ள தட்டையான டப்பா, அதில் நனைத்த ஸ்பாஞ்ச், மேலே கேக் சுடப் பயன்படுத்தும் பட்டர் பேப்பர், அவ்வளவுதான். மெழுகு பூசிய தாள் நீரை விடாது, அது ஆகாது. கலந்த பெயிண்ட் மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும். ஆனால் மூடி வைத்து ஒரு வாரம் மறந்தால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீரையும் தாளையும் மாற்றுங்கள். டாமியா, அக்வியஸ் பெயிண்டுகளுக்கு இது ஒத்துவராது. அவற்றுக்குப் பீங்கான் சாஸர் போதும்.

மிக்-21 செய்கிறேன். வெற்று உலோகத் தோற்றம் பிரஷ்ஷில் வருமா?

1963 முதல் 2025 செப்டம்பர் 26 வரை நம் விமானப்படையில் இருந்த விமானம். விடைபெற்ற பிறகு அதைச் செய்பவர்கள் கூடியிருக்கிறார்கள். கேள்விக்கு நேர்மையான பதில்: முழு விமானத்தையும் பளபளக்கும் உலோகமாக்குவது பிரஷ்ஷில் மிகக் கடினமான வேலை. உலோகப் பெயிண்டில் உள்ள செதில்கள் இழுத்த திசையிலேயே படுத்துக்கொள்ளும், ஒவ்வொரு இழுப்பும் தெரியும். பளபளப்பான கறுப்பை அடியில் போட்டு, பேனல் பேனலாகப் பிரித்து, காற்று ஓடும் திசையில், அதாவது மூக்கிலிருந்து வாலுக்கு மட்டும் இழுத்தால் அந்தத் தடம் உலோகத் தகட்டின் இழைபோலவே தெரியும். பேனலுக்குப் பேனல் சிறிது நிற வேறுபாடு கொடுங்கள். முதல் முயற்சிக்கு, பிற்காலத்துச் சாம்பல் நிற மிக்-21 எளிது. உலோக வேலையை என்ஜின் வாயிலிலும் சக்கரத் தண்டுகளிலும் பழகிக்கொள்ளலாம்.

கன்ப்லா (குண்டம் ரோபோ) கிட்டுக்கும் இதே முறையா?

ஏறத்தாழ. மூட்டுகளில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் வரும் கிட்டுகளில் எனாமல் தின்னர் ஊறினால் ஏபிஎஸ் நொறுங்கி உடையும். எனவே கோடுகளை இருட்டாக்கும் வாஷ்ஷும் அக்ரிலிக்காகவே இருக்கட்டும். மூட்டின் உள்ளே, ஒன்றோடொன்று உரசும் இடங்களில் பெயிண்ட் அடிக்காதீர்கள். மூட்டுக்குள் வைக்கும் மென்மையான பிளாஸ்டிக் துண்டுகளான பாலிகேப்களில் எந்தப் பெயிண்டும் நிற்காது.

விமானி அறையின் கண்ணாடிக்கு?

பிரைமர் வேண்டாம். சட்டத்தின்மேல் முதலில் உள்நிறம், பிறகு வெளிநிறம். உள்ளிருந்து பார்க்கும்போது சரியான நிறம் தெரியும்.

மாஸ்கிங் டேப்பை எடுத்தால் பெயிண்டும் வருகிறது.

கழுவாததோ, பிரைமர் முழுதாக இறுகாததோ காரணம். ஹார்டுவேர் கடை டேப்பில் பசையும் அதிகம். உள்ளங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது மாடலுக்கென்று விற்கும் டேப்பையே வாங்குங்கள். டேப்பின் விளிம்பில் முதலில் அடிநிறத்தையே ஒரு மெல்லிய கோட் இழுத்துவிட்டு, பிறகு மேல்நிறம் அடித்தால் கசிவு இருக்காது. எடுக்கும்போது மேலே தூக்காமல், டேப்பைத் தன்மேலேயே மடித்து மெதுவாக இழுங்கள். இரவு முழுவதும் ஒட்டி வைத்திருக்க வேண்டாம்.

டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) ஒட்டிய இடத்தில் வெள்ளிபோல மின்னுகிறது.

மேட், அதாவது பளபளப்பற்ற, பெயிண்டின் சொரசொரப்புக்கும் டெக்காலுக்கும் இடையே காற்று சிக்கியிருக்கிறது. டெக்காலுக்கு முன் பளபளப்பான (கிளாஸ்) வார்னிஷ் ஒரு கோட், ஒட்டி முடித்தபின் மேட் வார்னிஷ். மேட் வார்னிஷ் பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதுதான் பளபளப்பைக் குறைக்கும் பொருள். அது முழுதும் கலங்கும்வரை குலுக்காமல் அடித்தால் வெள்ளைப் புள்ளிகள் விழும்.

மொத்தமும் கெட்டுவிட்டது. பெயிண்டை எடுத்துவிட முடியுமா?

முடியும். பாகத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் கழன்றுவிடும், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. டெட்டால் திரவத்திலும் கழலும். ஆனால் அதிலிருந்து எடுத்த உடனே தண்ணீரில் காட்டினால் எல்லாம் கோந்தாக ஒட்டிக்கொள்ளும். டெட்டாலிலேயே தேய்த்து முடித்து, சோப்பால் துடைத்து, அப்புறம்தான் தண்ணீர். நகப்பூச்சு நீக்கியும் பெயிண்ட் கடைத் தின்னரும் கிட்டின் அருகே வரக் கூடாது. பாகமே உருகிவிடும்.

பிரஷ்ஷையும் பாட்டில்களையும் எப்படிப் பாதுகாப்பது?

இழையைப் பிடித்திருக்கும் உலோகக் குழாய்க்குள் பெயிண்ட் ஏறவிடாதீர்கள், ஏறினால் முனை விரிந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீரில் அலசுங்கள். வேலை முடிந்ததும் குளியல் சோப்பில் மெல்லச் சுழற்றி, கழுவி, விரலால் முனையைக் கூராக்கிப் படுக்கவையுங்கள். வாயில் வைத்துக் கூராக்குவதைக் குழந்தைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம், சில நிறமிகள் நச்சுத்தன்மை கொண்டவை.

பெயிண்ட் பாட்டில்களை மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணில் வைக்காதீர்கள். கோடையில் அந்தக் காங்கிரீட்டின் சூடு இரவிலும் இறங்காது. கட்டிலுக்கு அடியிலோ கீழ்த்தட்டிலோ வையுங்கள். டாமியா பாட்டிலின் மரையை மூடும்முன் ஒருமுறை துடைத்தால் மூடி ஒட்டாது. சொட்டுக் குப்பி அடைத்துக்கொண்டால் துருப்பிடிக்காத ஊசியால் குத்தித் திறக்கலாம். செய்து முடித்த மாடலை வெயிலில் நிற்கும் மூடிய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், மெல்லிய இறக்கையும் ஆண்டெனாவும் வளைந்துவிடக்கூடும்.